சவரிராயன் படித்த லத்தீன்

சாம்பல் புதன் திருப்பலியில் நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள் சவரிராயன் ஒரு சபதம் எடுத்துவிட்டார். இந்தத் தவக்காலத்தில் பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆட்டுக்கறி தின்றே தீருவது.

மனிதன் மண்ணிலிருந்து வந்தான், மண்ணுக்கே திரும்புவான் என்று சொல்லித்தான் சாமியார் சாம்பல் பூசினார். அதில் சவரிராயனுக்கு ஆட்சேபணை இல்லை. நடுவில் கறி தின்னக் கூடாது என்று சாமியார் சொல்லவில்லையே. சொன்னது பெண்டாட்டி ஜெனிட்டா.

"ஏனுங்க, இன்னையிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் ஊட்டுல கறி, மீனு, முட்டை மூணும் கெடையாதுங்க."

"முட்டையுமா? நாமக்கல்லுக்குப் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு முட்டை திங்காம இருந்தா அது நன்றிகெட்டத்தனம் ஜெனிட்டா."

"கோழிகிட்ட நான் சொல்லிக்கறேனுங்க."

"ஞாயித்துக்கெழம தவக்காலக் கணக்குலயே வராது, தெரியுமா? நாப்பது நாளு எண்ணிப் பாரு. ஞாயித்துக்கெழமய விட்டுட்டுத்தான் எண்ணோணும்."

"சாமியாரு எண்ணுனா வுட்டுட்டு எண்ணட்டும். இந்த ஊட்டுல நான் எண்ணறனுங்க."

அத்தோடு வழக்கு தள்ளுபடி.

சவரிராயன் சேலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். எந்த லோடை எந்த ஊருக்கும் யார் கண்ணிலும் படாமல் அனுப்பிவிடக்கூடியவர் என்று பெயர். ஆனால் தன்னை மட்டும் ராசிபுரம் ரோட்டில் உள்ள மட்டன் மெஸ் வரைக்கும் அப்படி அனுப்ப அவரால் முடிந்ததில்லை. தனியாகப் போய்த் தின்பதும் அவருக்கு ஆகாது. கூட்டாளி டோனி வேண்டும். டோனி பக்கத்து வீடுதான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள காம்பவுண்டுச் சுவர் இடுப்பளவு. அதன் மேல் சாய்ந்துகொண்டு பேசினால் இந்தப் பக்கம் ஜெனிட்டா காதில் விழும். அந்தப் பக்கம் டோனியின் மனைவி சோபியா காதில் விழும். போனில் எழுதலாமே என்பீர்கள். அந்தப் போனுக்கு லாக் நம்பர் போட்டுக் கொடுத்ததே ஜெனிட்டா. ஆபீஸிலிருந்து பேசலாமே என்பீர்கள். ஆபீஸில் கணக்கு எழுதுவது ஜெனிட்டாவின் தம்பி.

வேறு பாஷையில் பேசிப் பார்க்காமலும் இல்லை. ஒரு வருஷம் தெலுங்கில் பேசினார்கள். ஜெனிட்டா ஜலகண்டாபுரத்துக்காரி, தறிக்காரர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவள். தெலுங்கும் கன்னடமும் அவளுக்குத் தறிச்சத்தம் மாதிரி, தூக்கத்தில்கூடக் கேட்கும். இன்னொரு வருஷம் இந்தி. அதை அவள் டிவி சீரியலில் படித்து முடித்திருந்தாள். மலையாளத்தைக் கன்னியர் மடத்துச் சிஸ்டர்களிடம் பிடித்து வைத்திருந்தாள். போன வருஷம் கௌரவமாக இங்கிலீஷில் இறங்கினார்கள். இங்கிலீஷில் மட்டனை மட்டன் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"மாப்ள, இந்த வருஷம் இந்தோனேசியா," என்றார் டோனி, சுவருக்கு அந்தப் பக்கம் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பாவனையில்.

"எதுக்குடா அவ்வளவு தொலவு? ராசிபுரமே போக முடியல."

"ஊரு இல்ல மாப்ள, பாஷை. நான் ரெண்டு வருஷம் அங்க பாத்தாம் தீவுல கப்பல் வெல்டிங் வேல பாத்தனில்ல? ஏபிசிடி எழுத்துலதான் எழுதறாங்க. நேத்து தின்னது, இன்னைக்குத் திங்கறது, நாளைக்குத் திங்கப்போறது எல்லாத்துக்கும் ஒரே வார்த்த. சேலத்துல ஒரு குருவிக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வார்த்த ஞாவகம் இருக்குது. மக்கான்னா சாப்பாடு. இன்னொன்னு சம்பளம்."

முதல் வார்த்தையே போதுமென்று சவரிராயன் முடிவு செய்தார்.

டோனியின் போனில் ஒரு இலவசப் பாடம் அகப்பட்டது. 'இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கு இந்தோனேசிய உயிர் ஒலிகள்' என்று போட்டிருந்தது. பத்தாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர் ஆனபடியால், இது நமக்கென்றே செய்தது என்று சவரிராயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். பாடம் நடத்தியது ஒரு வெள்ளைக்கார மேடம்.

மேடம் சொன்னாள்: "'கோ' என்று சொல்லுங்கள். உங்கள் உதடு கடைசியில் குவிகிறதல்லவா? அப்படிக் குவியக் கூடாது. குவியும் முன்பே நிறுத்திவிடுங்கள்."

சவரிராயன் "கோ" என்றார். உதடு குவியவில்லை. தமிழன் உதடு அது, 'ஓ' என்றால் 'ஓ'தான். பாடத்தில் ஏதோ தப்புவிட்டோம் என்று அவர் கலங்கிப்போனார். கஷ்டப்பட்டு "கோவ்வு, கோவ்வு" என்று வெள்ளைக்காரன் மாதிரி உதட்டைக் குவிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு குவியாமல் நிறுத்தக் கற்றுக்கொண்டார். இல்லாத நோயை வரவழைத்து அதற்கு மருந்து சாப்பிட்ட மாதிரி ஆயிற்று. இரண்டு நாள் கழித்து, புறப்பட்ட இடத்திலேயே பெருமையாக வந்து நின்றார்.

'எ'தான் அவரைக் கவிழ்த்தது. எழுத்து ஒன்று, சத்தம் இரண்டு. ருசி என்று சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது, 'ஏனாக்'. அதில் வாயை நன்றாகத் திறக்க வேண்டும். ஆறு என்ற எண்ணுக்கு ஒரு வார்த்தை. அதுவும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் அங்கே அந்த எழுத்தை முழுங்கிவிட வேண்டும். எங்கே திறப்பது எங்கே முழுங்குவது என்றால், பழகப் பழக வந்துவிடும் என்கிறாள் மேடம். சவரிராயன் பீரோக் கண்ணாடி முன் நின்று தாடையைக் கையால் பிடித்துத் திறந்தும் மூடியும் முழுங்கிக்கொண்டிருந்தபோது ஜெனிட்டா உள்ளே வந்துவிட்டாள்.

"ஏனுங்க, பல்லு வலிக்குதுங்களா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் மாடு அசை போடற மாதிரி பண்றீங்க?"

திருட்டு முழி முழித்த சவரிராயனுக்கு அந்தக் கணத்தில் தோன்றியது ஒன்றுதான். எதிரே சுவரில் சிலுவை தொங்கியது.

"லத்தீன்," என்றார்.

"என்னங்க?"

"லத்தீன் செபம். தவக்காலமில்ல? நானும் டோனியும் படிக்கறோம். கறிய வுட்டா மட்டும் போதுமா, ஆத்துமாவுக்கும் ஏதாச்சும் வேண்டாமா?"

ஜெனிட்டா அவரையே பார்த்தாள். கண் கலங்கின மாதிரி இருந்தது. கோயில் பாடகர் குழுவில் இருபது வருஷமாகப் பாடுகிறவள். புருஷன் முழங்காலிட்டுச் செபிப்பதைப் பார்க்க மாட்டோமா என்று ஏங்கினவள்.

"அத ஏனுங்க ஒளிஞ்சு நின்னு படிக்கறீங்க? தள்ளுங்க, நான் சொல்லித்தாரேன். பாட்டுல நாங்க பாடாத லத்தீனுங்களா? அ, எ, இ, ஒ, உ அஞ்சும் பளிச்சுனு வரோணும். ரெண்டு நாளா என்ன 'கோவ்வு, கோவ்வு'ன்னீங்க? நம்ம ஓடு, ஓலை, அந்த ஓவுங்க. அவ்வளவுதான்."

"மேடம் வேற மாதிரி..."

"எந்த மேடம்?"

"மேல்... மேலிடத்துல சொன்னாங்க."

"சரி, வாயத் தொறங்க."

அன்றிலிருந்து தினமும் மாலை செபமாலை முடிந்ததும் வாத்தியாரம்மாவும் மாணவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜெனிட்டா கையில் ஒரு ஸ்பூன். 'ஆ' சின்னதாக வந்தால் ஸ்பூன் காம்பு தாடையில் தட்டும். அந்த முழுங்குகிற 'எ'யையும் அவளே தீர்த்து வைத்தாள்.

"நாம 'அது'ன்னு சொல்றப்ப கடைசில வாயத் தொறக்காம ஒரு சத்தம் வரும் பாருங்க, அதத் தூக்கி முன்னால வெச்சுக்குங்க."

வெள்ளைக்கார மேடம் நாலு படம் போட்டும் விளங்காதது, ஒரு 'அது'வில் விளங்கிவிட்டது. சவரிராயனுக்கு மனைவி மேல் அன்பே வந்துவிட்டது. அவளை ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் சங்கடமும் வந்தது. கறியை நினைத்ததும் சங்கடம் போய்விட்டது.

ஒருநாள் அவள் கேட்டாள். "இந்த வரி நல்லா வருதுங்க. 'கித்தா மக்கான் கம்பிங் ஹாரி மிங்கு ஜாம் சத்து.' அர்த்தம் என்னங்க?"

நாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு ஆட்டுக்கறி தின்கிறோம் என்பது அதன் அர்த்தம். ஆனாலும் கோயிலில் வளர்ந்த வாய், கை கொடுத்தது.

"கம்பிங்னா... செம்மறி."

"ஆண்டவரோட செம்மறியா? உலகத்தோட பாவத்தப் போக்கற செம்மறியா?"

"அதேதான்."

"மக்கான்?"

"உண்ணுங்கள்."

"அனைவரும் இதிலிருந்து உண்ணுங்கள்னு பூசையில சொல்றதுங்களா! அந்த ஹாரி மிங்கு?"

"ஆண்டவருடைய நாள்."

"ஜாம் சத்து?"

"அது... ஆமென் மாதிரி ஒண்ணு."

"ஜாம் சத்து," என்று ஜெனிட்டா பக்தியோடு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலை அந்தச் செபம் சுவர்மேல் அரங்கேறியது. இந்தப் பக்கம் ஜெனிட்டா துணி மடித்துக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம் சோபியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கித்தா மக்கான் கம்பிங் ஹாரி மிங்கு," என்றார் சவரிராயன், கணீரென்று.

"ஜாம் சத்துங்க," என்றார் டோனி. எந்த நாட்டுப் பாஷை ஆனாலும் கொங்கு நாக்கு ஒரு 'ங்க' வைக்காமல் விடுமா?

இரண்டு பெண்களும் தலை நிமிரவில்லை. காம்பவுண்டுச் சுவரின் சரித்திரத்தில் அப்படியொரு வெற்றி நடந்ததில்லை.

மறுநாள் 'செபக் கூட்டம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மெஸ்ஸில் சுக்கா, ஈரல், தலைக்கறி, எலும்புக் குழம்பு என்று வந்தபடியே இருந்தது. சவரிராயன் ஒவ்வொரு வாய்க்கும் "ஏனாக்" என்றார், வாயை நன்றாகத் திறந்து. கை கழுவி, சோம்பு மென்று, அதற்கு மேல் வெற்றிலை போட்டு, அதற்கும் மேல் லாரி செட்டில் அரைமணி நேரம் டீசல் வாசத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். பாயில் சாய்ந்தவர் விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

எழுந்து வந்தபோது ஜெனிட்டா காபியோடு நின்றாள். முகம் கொள்ளாத சிரிப்பு.

"ஏனுங்க, சாமியாருகிட்ட சொல்லிட்டேன்."

"என்னத்த?"

"உங்க செபத்தத்தான். வார ஞாயித்துக்கெழம திருப்பலி முடிஞ்சதும் நீங்களும் டோனியண்ணனும் பீடத்துல ஏறி, மைக்குல சொல்றீங்க. ஏற்காட்டுல ஓய்வுல இருக்கறாரே பெரிய சாமியாரு, தொண்ணூறு வயசு, அவரே கீழ எறங்கி வாராராமா. அந்தக் காலத்துல லத்தீன்லயே படிச்சவராச்சே. சாவறதுக்குள்ள ஒருக்கா காதுல கேட்டுட்டுப் போறேன்னு அழுதாராமுங்க."

காபி சவரிராயனின் தொண்டையில் நின்றுகொண்டு, உள்ளே போவதா வெளியே வருவதா என்று யோசித்தது.

அந்த வாரம் அவர் பட்ட பாடு நாய் படாது. கறி தின்றது ஒரு பக்கம் இருக்கட்டும். பீடத்தின் மேல், நற்கருணைப் பேழைக்கு முன்னால் நின்றுகொண்டு, 'ஒரு மணிக்கு ஆட்டுக்கறி' என்று மைக்கில் சொல்லலாமா? சவரிராயன் புளுகுவார், ஆனால் கடவுளுக்குப் பயந்தவர். சொன்னால் சாமிக் குற்றம். சொல்லாவிட்டால் குட்டு உடையும். சொல்லி, அதைத் தொண்ணூறு வயசுச் சாமியார் கேட்டு, இதென்ன பாஷை என்று கேட்டுவிட்டால் ஊரே கூடிச் சிரிக்கும்.

செவ்வாய்க்கிழமை தொண்டை கட்டிவிட்டது என்றார். ஜெனிட்டா மிளகும் திப்பிலியும் இடித்துக் கஷாயம் வைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றினாள். இல்லாத கட்டு ஓடியே போய்விட்டது. புதன்கிழமை தம்மம்பட்டியில் ஒரு லோடு மாட்டிக்கொண்டது, ஞாயிறன்று நேரில் போக வேண்டும் என்றார். "தம்பி போவான்," என்றாள். வியாழக்கிழமை சுவரோரம் போய் டோனியைக் கூப்பிட்டார்.

"மாப்ள, எப்படியாச்சும் தப்பிக்கோணுமே."

டோனி அவர் கண்ணைப் பார்க்கவில்லை. துளசியைப் பார்த்தார். "எனக்கு ஞாயித்துக்கெழம வயித்துவலி வரும்போல இருக்குது மாப்ள. நீ பாத்துக்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்து கூட்டத்தோடு கூட்டமாக நழுவப் பார்த்தார். வாசலில் பங்குச் சாமியார் தோளைத் தட்டினார். "என்ன சவரி, ஞாயித்துக்கெழம பாப்போம்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் சவரிராயனின் மிச்ச உயிரும் போயிற்று.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சனிக்கிழமை மாலை ஜெனிட்டா அவருடைய வெள்ளை வேட்டி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பீடத்தில் ஏறுவதற்கான சட்டை. அதில் ஒரு சுருக்கம்கூட இல்லாததைப் பார்த்ததும் சவரிராயனுக்குத் தாங்கவில்லை.

"ஜெனிட்டா, சாமி... அது லத்தீன் இல்ல."

"எதுங்க?"

"நான் படிச்சது. அது இந்தோனேசியா பாஷை."

"இந்தோனேசியாவுல சொல்ற செபமுங்களா?"

"செபமும் இல்ல. ராசிபுரம் ரோட்டு மெஸ்ஸுல கறி திங்கப் போறதுக்கு நானும் டோனியும் பேசிக்கிட்டது. கம்பிங்னா செம்மறி இல்ல, வெறும் ஆடு. போன வாரம் தின்னுட்டேன். ஈரல் ரெண்டு ப்ளேட்டு."

சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் செபம் என்று சொல்லிப் புளுகிவிட்டோமே என்று உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"என்ன வேணா சொல்லு, செய்யறேன். நாளைக்குப் பீடத்துல மட்டும் ஏத்தாத. பெரிய சாமியாரு மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"என்ன வேணாலுமுங்களா?"

"என்ன வேணாலும்."

"மாதா மேல ஆணையா?"

"மாதா மேல ஆணையா."

ஜெனிட்டா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சட்டையை மடித்தாள். பீரோவைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினாள்.

"பெரிய சாமியாரு மொகத்துல நீங்க ஏனுங்க முழிக்கோணும்? அவருகிட்ட யாரு சொன்னா?"

"நீதானே..."

"நான் ஒருத்தருகிட்டயும் சொல்லலீங்க."

"பங்குச் சாமியாரு நேத்து ஞாயித்துக்கெழம பாப்போம்னாரே!"

"ஞாயித்துக்கெழம பூசைக்கு வாரவங்ககிட்ட வேற எப்ப பாப்போம்னு சொல்வாருங்க?"

சவரிராயன் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜெனிட்டாவும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இருபது வருசமா லத்தீன்ல பாடறவகிட்டப் போயி லத்தீனுன்னு சொன்னீங்க பாருங்க. அது லத்தீன் இல்லைன்னு மொத நாளே தெரியுமுங்க. எதுக்குன்னுதான் தெரியல. போன ஞாயித்துக்கெழம வந்து படுத்துத் தூங்கினீங்க பாருங்க, அதுல தெரிஞ்சு போச்சு. செபம் பண்ணிட்டு வந்தவன் யாருங்க அப்படித் தூங்குவான்?"

"அப்ப இந்தோனேசியான்னு..."

"பீடத்துல ஏத்தறேன்னு உங்ககிட்டச் சொன்ன அன்னைக்கே சோபியாவும் அவங்க ஊட்டுல அதையே சொன்னா. டோனியண்ணன் ராத்திரி சோறு திங்கறதுக்குள்ள எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டாருங்க. நீங்க பரவால்ல, சனிக்கெழம வரைக்கும் தாக்குப் புடிச்சீங்க."

அதைக் கேட்டு, அந்த நிலைமையிலும் சவரிராயனுக்கு டோனியைவிடத் தாக்குப்பிடித்தோம் என்று ஒரு சின்னப் பெருமை உண்டாயிற்று. உடனே இன்னொன்று உறைத்தது.

"அப்ப நான் என்ன செய்யோணும்னு ஆணை வாங்கின?"

"பெரிசா ஒண்ணுமில்லீங்க. முதியோர் இல்லத்துல தவக்காலம் முடியற வரைக்கும் மத்தியானம் பரிமாற ஆளு பத்தலையாமா. ஞாயித்துக்கெழமதோறும் நீங்களும் டோனியண்ணனும் போயி அவங்களுக்கு ஊத்தி, அவங்க கூடவே உக்காந்து நீங்களும் குடிச்சுட்டு வரோணும். டோனியண்ணன் அன்னைக்கே ஒத்துக்கிட்டாருங்க."

"குடிச்சுட்டா? என்னத்த?"

ஜெனிட்டா எழுந்து நின்றாள். பாடகர் குழுவில் நிற்பது போல நிமிர்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, வாயை எங்கே திறக்க வேண்டுமோ அங்கே திறந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் சொன்னாள்:

"கித்தா மக்கான் கஞ்சி. ஹாரி மிங்கு. ஜாம் சத்துங்க."

உச்சரிப்பு அவருடையதைவிடச் சுத்தமாக இருந்தது.